பிரேக், ஸ்டீயரிங், பேரிங்: சத்தம் எங்கே, கோளாறு எங்கே?

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். இந்த மூன்றுக்கும் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் வடசென்னையில் நம்ம காரும் ஓட வேண்டியிருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் ஒரு நொடி லேட்டாகப் பிடித்தாலே முன்னால் நிற்கும் டிரெய்லரின் அடியில் போய்விடலாம்.

அதோடு, இந்தப் பகுதியில் உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். மணலும் தூசியும் ரப்பர் மூடிகளைத் தேய்க்கும். கனரக வண்டிகள் ஓடி உண்டான பள்ளங்கள் ஸ்டீயரிங் மூட்டுகளை ஆட்டிவிடும். ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே சத்தமாகவோ அதிர்வாகவோ தெரிந்துவிடும். எந்தச் சத்தம் எதைச் சொல்கிறது என்று தெரிந்தால் உயிரும் பிழைக்கும், வீண் செலவும் குறையும்.

பிரேக்

காலையில் முதல் இரண்டு, மூன்று முறை மிதிக்கும்போது மட்டும் லேசாகக் கரகரத்து, பிறகு நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். இரவில் டிஸ்க் மேல் படிந்த மெல்லிய துரு அது.

• மிதிக்கும்போதெல்லாம் 'கீச்' என்றால் பேட் தேய்ந்திருக்கலாம். பேடின் கனம் 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.
• 'கரகர' என்று இரும்போடு இரும்பு உரசினால் பேட் முழுக்கத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தள்ளிப்போட்டால் டிஸ்க்கும் போய்விடும்.
• பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் லைனில் காற்று புகுந்திருக்கலாம், ஆயில் கசியலாம். மிதித்தபடி வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.
• பெடல் கல் மாதிரி இருந்தால்: இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரையும் அதன் வேக்யூம் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.
• பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் இறுகியிருக்கலாம். அதன் பின்கள் துருப்பிடிப்பது கடலோரத்தில் சகஜம். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அது இன்னொரு அடையாளம். கையால் தொடாதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் போட்டுச் சூடேறினால் ஆயில் ஆவியாகி, பெடல் தொளதொளவென்று போகும். அதனால் வண்டியின் கையேடு சொல்லும் கெடுவில், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஸ்டீயரிங்

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் அலைன்மென்ட். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் சமமாக இல்லை.

பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பியும் சக்கரம் அசையாமல் பிளே இருந்தால் டை ராடு எண்ட் தேய்ந்திருக்கலாம். அது கழன்றால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. இதை மாற்றினால் அலைன்மென்ட்டும் கட்டாயம் செய்யுங்கள்.

பேரிங்

வேகம் கூடக்கூட 'ஊஊ' என்ற இரைச்சலும் கூடுகிறதா? கியரை நியூட்ரலுக்கு மாற்றியும் நிற்கவில்லை என்றால் இன்ஜின் காரணமில்லை. சாலையின் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் பெரும்பாலும் டயர். அப்படி மாறாமல், வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது பளு வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகப்படலாம். இது தெரியாமல் நல்ல டயரை மாற்றிப் பணம் விட்டவர்கள் உண்டு.

மெக்கானிக் ஜாக்கியில் தூக்கியிருக்கும்போது, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

இப்போதைய கார்களில் பேரிங் மூடிய சீலோடு வருகிறது. கிரீஸ் போட்டுச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஏபிஎஸ் உள்ள பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். திருப்பிப் பொருத்தினால் ஏபிஎஸ் விளக்கு எரியும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல சக்கரம் மூழ்கும் அளவு வெள்ளம் வந்தால், வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பேரிங்கில் புகுந்த நீர் சில வாரம் கழித்துத்தான் சத்தம் காட்டும்.

ஓடும்போது பிரேக் பிடிக்காவிட்டால்

பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். அபாய விளக்கைப் போட்டு, ஹார்ன் அடித்தபடி இடப்பக்கம் ஒதுங்குங்கள். ஓடும்போது சாவியை அணைக்காதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033.

உங்கள் உரிமைகள்

• வேலை தொடங்குமுன் மதிப்பீடு கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பில் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.
• குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.
• தயாரிப்பிலேயே கோளாறு இருந்தால் நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யும். 2023 ஜூலையில் மாருதி சுசூகி, டை ராடில் கோளாறு இருக்கலாம் என்று 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளை அழைத்தது. நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அந்த எண் ஆர்.சி.யில் இருக்கும்.
• சொந்தக் கார் 15 ஆண்டு முடிந்தால் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது எப்போது முடிகிறது என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம்.

ஒரு சந்தேகச் சத்தம் கேட்டால் எந்த வேகத்தில், எந்தப் பக்கம், பிரேக் போடும்போதா, திரும்பும்போதா என்று மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் அந்தக் குறிப்பைக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.