நிழலில் வாழும் விலங்கு: ஒகாபியும் உயிரியல் பூங்காக்களும்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் மழைக்காடுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் பாலூட்டி ஒகாபி. அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள இதூரிக் காடு அதன் முதன்மையான வாழிடம். ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் இரு வகைகளில் ஒன்று ஒட்டகச்சிவிங்கி, மற்றது இது. பார்த்தவுடன் இந்த உறவு தெரியாது. தோள்வரை சுமார் ஒன்றரை மீட்டர் உயரம், 200 முதல் 350 கிலோ எடை, கருஞ்சிவப்புச் சாயல் கொண்ட பழுப்பு உடல், பின்தொடைகளில் வெள்ளை வரிகள் என்று ஏதோ வரிக்குதிரையின் பங்காளி போலவே தோன்றும். தலையையும் நடையையும் கவனித்தால்தான் உண்மை புரியும். ஆணின் நெற்றியில் தோல் போர்த்திய இரண்டு குட்டைக் கொம்புகள் உண்டு. நடக்கையில் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நகரும். கருநீல நாக்கு ஓர் அடிக்கும் மேல் நீளும். அதனால் இலைகளை வளைத்துப் பறிக்கும், தன் கண்ணையும் காதையும்கூட நக்கித் துடைத்துக்கொள்ளும்.

இதூரியின் ம்பூட்டி மக்கள் இவ்விலங்கைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். வெளியுலகுக்குத்தான் இது புதிது. கழுதை போன்ற ஒரு விலங்கைப் பற்றி அம்மக்கள் சொன்னதை 1890-ல் வெளிவந்த தன் நூலில் நாடாய்வுப் பயணி ஹென்றி ஸ்டான்லி குறிப்பிட்டார். அந்தக் குறிப்பைப் பின்தொடர்ந்தவர் உகாண்டாவில் பிரிட்டிஷ் நிர்வாகியாக இருந்த ஹாரி ஜான்ஸ்டன். அவருக்கு முதலில் கிடைத்தவை வரியுள்ள சில தோல்துண்டுகள் மட்டுமே. அவற்றைப் பார்த்த லண்டன் அறிஞர்கள் குதிரைப் பேரினத்தின் புதிய விலங்கு என்றே பெயரிட்டார்கள். 1901-ல் முழுத்தோலும் மண்டையோடும் வந்துசேர்ந்த பிறகுதான் விலங்கியலாளர் ரே லங்கஸ்டர் அதை ஒட்டகச்சிவிங்கியின் உறவாக அடையாளம் கண்டு, ஒகாபியா என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்.

ஒகாபி தனித்தே வாழ்கிறது. தாயும் கன்றும் தவிர, இரண்டு ஒகாபிகள் சேர்ந்து திரிவது அரிது. அடர்காட்டில் கண்ணுக்கு அதிக வேலையில்லை. காதும் மூக்குமே அதைக் காக்கின்றன. இலை மிதிபடும் ஓசையைக்கூடப் பெரிய காதுகள் தனித்தனியே திரும்பிப் பிடித்துவிடும். கால் குளம்புகளுக்கிடையே உள்ள சுரப்பிகள் தார் போன்ற பசையைச் சுரந்து, நடந்த பாதையில் மணத்தை விட்டுச்செல்லும். எண்ணெய்ப்பசையுள்ள ரோமத்தில் மழைநீர் தங்காது. பெருமரம் விழுந்து வெயில் இறங்கிய இடங்களில் தளிர்க்கும் செடிகளை அது விரும்பி மேய்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகள் அதன் உணவில் அடக்கம். மனிதருக்கு நஞ்சானவையும் அவற்றில் உண்டு. ஆற்றோரக் களிமண்ணையும் எரிந்த மரங்களின் கரியையும் தின்கிறது.

கன்று வளரும் முறை இன்னும் வியப்பானது. ஏறத்தாழ பதினான்கரை மாதக் கர்ப்பத்துக்குப் பின் ஒற்றைக் கன்று பிறக்கும். அரைமணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். ஓரிரு நாள் தாயோடு சுற்றியபின் புதருக்குள் ஒரு மறைவிடத்தைத் தேர்ந்துகொண்டு, சுமார் இரண்டு மாதம் பெரும்பாலும் அங்கேயே படுத்திருக்கும். தாய் வந்து பாலூட்டிவிட்டுப் போய்விடும். முதல் நான்கிலிருந்து எட்டு வாரங்கள்வரை கன்று சாணமே போடாது. மணம் பிடித்து வரும் சிறுத்தையிடமிருந்து இது அதைக் காக்கிறது என்று விலங்கியலாளர்கள் கருதுகிறார்கள். தாயும் கன்றும் மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியாலும் ஒன்றையொன்று அழைக்கின்றன.

இவ்வளவு நுட்பமான வாழ்க்கையைக் கொண்ட விலங்கைக் கூண்டுக்குக் கொண்டுவரும் முயற்சி துன்பத்தில்தான் தொடங்கியது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் உயிரியல் பூங்காவுக்கு 1919-ல் வந்துசேர்ந்த முதல் ஒகாபி சில வாரங்களே உயிரோடிருந்தது. அடுத்த ஆண்டுகளில் வந்தவற்றில் பலவும் நீண்ட கப்பல் பயணத்தின் அலைச்சலாலும் குடற்புழு, ஈரல்புழுத் தொல்லையாலும் மடிந்தன. காட்டில் புழுக்களோடு ஒத்துவாழ்ந்த உடல், சிறு இடத்தில் திரும்பத் திரும்பத் தொற்றும்போது தாங்கவில்லை. சாணத்தை உடனுக்குடன் அகற்றுதல், தொழுவத்தைக் கழுவிக் காயவைத்தல், முறையான பரிசோதனை ஆகியவை வழக்கமானபின்தான் நிலைமை மாறியது. ஆன்ட்வெர்ப்பில் 1954-ல் பிறந்த கன்று பிழைக்கவில்லை. 1957-ல் பாரிஸின் வின்சென் பூங்காவில் பிறந்த கன்றுதான் மனிதர் பராமரிப்பில் பிறந்து வளர்ந்த முதல் ஒகாபி. முதல் விலங்கு ஐரோப்பா வந்து அதற்குள் 38 ஆண்டுகள் கடந்திருந்தன.

பிடிக்கும் முறையும் மெல்லத் திருந்தியது. இதூரியின் எபுலு கிராமத்தில் இயங்கிய ஒகாபி பிடிப்பு நிலையத்தினர் ஒகாபியின் வழக்கமான தடத்தில் ஆழமான குழி வெட்டி, மேலே இலைதழைகளைப் பரப்பிவைப்பார்கள். விலங்கு விழுந்ததும் அதைக் கயிறுகட்டி இழுக்கமாட்டார்கள். குழியைச் சுற்றி வேலி கட்டி, ஒரு பக்கத்தைச் சரித்து, அது தானாக ஏறி வரும்வரை காத்திருப்பார்கள். அவசரப்படுத்தினால் அஞ்சியே செத்துவிடக்கூடிய விலங்கு இது என்பதைப் பட்டறிந்து கற்ற பொறுமை அது.

இன்றைய பூங்காக்களில் ஒகாபிப் பராமரிப்பின் அடிப்படை மூன்று: நிழல், அமைதி, தனிமை. ஒவ்வொரு விலங்குக்கும் தனித் தொழுவமும், மற்றதன் பார்வையிலிருந்து ஒதுங்க மறைப்புகளும் தேவை. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுக்கச் சூடேற்றிய கொட்டகையிலேயே பெரும்பாலும் வைக்கிறார்கள். குதிரைமசால் உலர்தீவனமும் செறிவூட்டிய தீவன உருண்டைகளும் வயிற்றை நிரப்பும்; ஆனால் பச்சை இலைக்கொத்துகளை உயரத்தில் கட்டித் தொங்கவிடாவிட்டால் அந்த நீண்ட நாக்குக்கு வேலை இராது. வேலையற்ற நாக்கு சுவரையும் கம்பியையும் ஓயாமல் நக்கத் தொடங்கும். ஒட்டகச்சிவிங்கிகளிடமும் காணப்படும் இப்பழக்கம், விலங்கின் தேவை நிறைவேறவில்லை என்பதன் அடையாளம்.

சத்தம் இன்னொரு ஆபத்து. 1990-களில் கோபன்ஹேகன் பூங்காவில் ஓர் ஒகாபி இறந்தபோது, அருகிலிருந்த திறந்தவெளியில் நடந்த ஓபரா ஒத்திகையின் ஓசை தந்த அழுத்தமே காரணமாக இருக்கலாம் என்று அந்தப் பூங்காவினரே கூறினார்கள். கட்டடப் பணி, கூட்டம், இசைவிழா எதுவானாலும் ஒகாபித் தொழுவத்துக்கு அருகில் நடத்துவது தவறு.

சிகிச்சைக்காக அமுக்கிப் பிடிப்பதையும் நல்ல பூங்காக்கள் கைவிட்டுவிட்டன. தீனி கொடுத்துப் பழக்கினால் ஒகாபி தானே வந்து நிற்கும். குளம்பைச் சீவவும், ரத்தம் எடுக்கவும், வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துக் கருவைப் பார்க்கவும் இடம்கொடுக்கும். பெண் எப்போது பருவத்துக்கு வருகிறது என்பதைச் சாணத்திலுள்ள ஹார்மோன்களைக் கொண்டே கணித்து, அந்த நாட்களில் மட்டும் ஆணைச் சேர்க்கிறார்கள். ஈன்ற பசுவுக்குப் போல இருண்ட மூலையில் வைக்கோல் பரப்பிய மறைவிடம் தாய்க்கும் கன்றுக்கும் தரப்படுகிறது. கன்று வாரக்கணக்கில் சாணம் போடாததைக் கண்டு பதறாமலிருப்பதும் பராமரிப்பாளர் கற்கவேண்டிய பாடம்தான். எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதை ஆன்ட்வெர்ப் பூங்கா பேணிவரும் வம்சப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மொத்த எண்ணிக்கையே குறைவு என்பதால், நெருங்கிய ரத்த உறவில் இணைசேராமல் தடுக்க ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்கு விலங்குகளை அனுப்புவதும் உண்டு. நல்ல பராமரிப்பில் ஒகாபி 20 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்கிறது.

இதூரியின் நிலைமை வேறு. அங்கே 1992-ல் ஏறத்தாழ 13,700 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒகாபி வனவிலங்குக் காப்பகம் அமைக்கப்பட்டது. 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான அக்காப்பகம், உள்நாட்டுப் போரால் மறு ஆண்டே ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. 2012 ஜூன் 24 அன்று, யானை வேட்டையோடும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களோடும் தொடர்புடைய ஓர் ஆயுதக்குழு எபுலு நிலையத்தைத் தாக்கியது. வனக்காவலர்கள் உட்படச் சிலர் கொல்லப்பட்டார்கள். நிலையத்தில் இருந்த 14 ஒகாபிகளும் அத்தாக்குதலில் பலியாயின. காவல்பணிக்கான பழிவாங்கலாக நடந்த இக்கொடுமையை விவரிக்க எந்தச் சொல்லும் போதாது. அடுத்த ஆண்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒகாபியை அருகிவரும் இனமாக அறிவித்தது.

பூங்கா விலங்குகளைக் காட்டில் விட்டு இந்த இழப்பை ஈடுகட்ட முடியுமா என்ற கேள்வி இயல்பாக எழும். கென்யாவின் மலைப் போங்கோ மான்கள் விஷயத்தில் அந்த வழி முயலப்படுகிறது. 2004-ல் அமெரிக்கப் பூங்காக்களிலிருந்து 18 போங்கோக்கள் கென்ய மலையடிவாரத்துக்குத் திரும்பின. அங்கு இனப்பெருக்கம் நடந்து, 2022 முதல் சில விலங்குகள் வேலியிட்ட காட்டுப் பகுதியில் விடப்பட்டுவருகின்றன. ஒகாபிக்கு இது பொருந்தாது. இதூரியில் ஒகாபி குறைவதற்குக் காரணம் கன்று பிறக்காததல்ல. கண்ணியும் துப்பாக்கியும் சுரங்கமும்தான். அவை இருக்கும்வரை கொண்டுபோய் விடும் விலங்கும் அழியும். எனவே ஒகாபி வைத்திருக்கும் பூங்காக்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி பணம் அனுப்புவதே. 1987-ல் தொடங்கிய ஒகாபி பாதுகாப்புத் திட்டத்துக்கு அவற்றில் பலவும் நிதி வழங்குகின்றன. அந்த நிதி காப்பகத்தின் காவல்பணிக்கும், சுற்றுக் கிராமங்களின் வேளாண்மைக்கும் பள்ளிகளுக்கும் உதவுகிறது.