உஷார்! மைதான ஓரத்தில் புகை

பிள்ளையைக் கோடைப் பயிற்சியில் இறக்கிவிட்ட கையோடு வண்டியைத் திருப்பாதீர்கள். ஐந்து நிமிடம் நின்று சுற்றுமுற்றும் பாருங்கள். கேட்டை ஒட்டிப் பெட்டிக்கடை, கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டர். நெட்டுக்குப் பின்னால் இரண்டு அப்பாக்கள் தம் போட்டபடி பையன்களின் பவுலிங்கை அலசுகிறார்கள். பத்தடி தள்ளி ஒரு பொடியன் மூச்சிரைக்க ஓடி வருகிறான்.

"திறந்தவெளிதானே சார், காத்துல போயிடும்!" எங்கே போகும்? காற்று அடிக்கும் பக்கம் நிற்கிற பிள்ளையின் மூக்குக்குத்தான். ஓடுகிற பிள்ளை, உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கும். வீசிங் உள்ள பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம்.

சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 2003-இல் வந்த புகையிலைச் சட்டம் திறந்தவெளியை விட்டுவைத்தது உண்மை. ஆனால் 2008 விதிகள், ஸ்டேடியம், பஸ் ஸ்டாண்டு போல மக்கள் வந்துபோகும் இடங்களைத் திறந்தவெளி என்று சொல்லித் தப்ப முடியாது என்று அந்த ஓட்டையை அடைத்துவிட்டன. அபராதம் 200 ரூபாய் வரை. ஒரு வேளை பிரியாணிக் காசு, யார் பயப்படுவார்கள்?

விற்பனையில்தான் சந்து இருக்கிறது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. விளையாட்டுத் திடலுக்கு அப்படி எல்லைக்கோடு போடவில்லை. ஆனால் 18 வயதுக்குட்பட்டவருக்கு எந்தக் கடையிலும் விற்கக் கூடாது. "மாமாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்று பையனை அனுப்புகிறவர்களே, உஷார்! குழந்தை கையில் புகையிலையைக் கொடுத்தாலோ கொடுக்க வைத்தாலோ, 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

நம் வயது அப்பாக்களுக்கு இதெல்லாம் உறைக்காததில் ஆச்சரியமில்லை. 1996 உலகக் கோப்பையே சிகரெட் பெயரில்தான் நடந்தது, வில்ஸ் கோப்பை என்று. அந்தப் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஆடியவர்களைப் பார்த்துத்தானே நாம் மட்டை பிடித்தோம்!

புகையாவது கண்ணுக்குத் தெரியும். கூல் லிப் தெரியாது. டீ பேக் மாதிரி குட்டிப் புகையிலைப் பொட்டலம், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கினால் போதும். புகையில்லை, தீப்பெட்டி வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளிடம் இது பரவுவதைப் பார்த்து 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது. உங்கள் பையனின் உதடு ஒரு பக்கம் உப்பியிருந்தால், திடல் ஓரத்தில் ஈரப் பொட்டலம் கிடந்தால், அன்றைக்கே விசாரியுங்கள். தம்பி தங்கைகளையும் கூட்டிப் போகிறீர்களா? தவழும் குழந்தை கீழே கிடக்கும் சிகரெட் துண்டை வாயில் போட்டால் வாந்தி எடுக்கும், நிக்கோடின் விஷம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இன்றே பேசி, கேட்டிலிருந்து நெட் வரை யாரும் புகைக்கக் கூடாது என்று அகாடமியை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். விட நினைக்கிற அப்பாக்களுக்கு 1800-11-2356, கட்டணமில்லை. கோச்சே பாக்கெட்டும் கையுமாகத் திரிகிறவர் என்றால் முதலில் அவரிடம் கொடுங்கள் அந்த நம்பரை.