ஃபார்மட் போட்ட பிறகும் தாமதமா?

லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, ஃபார்மட் அடிச்சு புதுசா விண்டோஸ் போட்டாச்சு. இன்னும் ஆன் ஆக ரெண்டு நிமிஷம் ஆகுதே" என்று வருபவர்களிடம் முதலில் நான் கேட்பது இதைத்தான்: அந்த இரண்டு நிமிடம் எங்கே போகிறது? கம்பெனி லோகோ நிற்கும்போதா, வட்டம் சுற்றும்போதா, பாஸ்வேர்டு போட்ட பிறகா? இது தெரியாமல் எதையும் கழற்றவும் கூடாது, வாங்கவும் கூடாது.

சிஸ்டம் போட்ட அன்றே முடிவுக்கு வராதீர்கள். அப்டேட் இறங்கும், டிரைவர் ஏறும், வைரஸ் சோதனை ஓடும். சார்ஜரும் வைஃபையும் கொடுத்து அந்த வேலைகளை முடிக்கவிட்டு, ரீஸ்டார்ட் செய்த பிறகு நேரம் பாருங்கள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்அப் பக்கத்தின் மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று சில விநாடிகள் காட்டும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே மதர்போர்டு எடுத்துக்கொண்ட நேரம் அது. அங்கே இருபது விநாடி நின்றால், விண்டோஸை எத்தனை முறை மாற்றினாலும் குறையாது. பயாஸில் 'ஃபாஸ்ட் பூட்' வசதி இருந்தால் அதை இயக்குங்கள். செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றுங்கள். பாஸ்வேர்டுக்குப் பிறகுதான் இழுக்கிறது என்றால், அதே பக்கத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள். ஒன்டிரைவ், டீம்ஸ் போன்றவை தினமும் தேவையில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஆன்ட்டிவைரஸைத் தொடாதீர்கள். வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் இலவச 'பூஸ்டர்'களை நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. அவையும் அந்தப் பட்டியலில்தான் போய் உட்காரும்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருந்தார் ஒரு கல்லூரி மாணவி. விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் உபுண்டு திறக்க ஒன்றரை நிமிடம் கூடிவிட்டது. லோகோ நிற்கும்போது எஸ்கேப் அழுத்தினோம். ஒரு டிஸ்க் பகுதிக்காகக் காத்திருப்பதாக எழுத்து வந்தது. பார்டிஷனை மாற்றியபோது பழைய ஸ்வாப் பகுதி அழிந்திருக்கிறது. டிஸ்க் பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் மட்டும் அதன் பெயர் அப்படியே இருந்தது. இல்லாத பகுதிக்காக லினக்ஸ் 90 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் நகரும். அந்த ஒரு வரியை நீக்கியதும் சரியாகிவிட்டது. ரேம், டிஸ்க் எதையும் மாற்றவில்லை.

ஆனால் பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டின் மேல், ரெக்கார்டு பிளேயர் முள்ளைப் போல ஒரு முனை இடம் மாறி மாறிப் படிக்கிறது. சிஸ்டம் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படும். அவை சிதறிக் கிடந்தால் விநாடிக்குச் சுமார் நூறு முறைதான் அந்த முனையால் எட்டிப் படிக்க முடியும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே இல்லை. அது பல்லாயிரம் முறை படிக்கும். 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் அதைப் பொருத்தலாம்.

அதனால் இன்னொரு ஃபார்மட்டுக்குக் காசு கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, டிஸ்க் பெயருக்குக் கீழே எஸ்.எஸ்.டி. என்றிருக்கிறதா, ஹெச்.டி.டி. என்றிருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்.டி.டி. என்றிருந்தால் அந்தக் காசை எஸ்.எஸ்.டி.க்குச் சேர்த்து வையுங்கள்.