அவர் சொல்லாமல் போன பாஸ்வேட்

போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் அக்கா போன மாதம் பழைய லப்டொப் ஒன்றோடு வந்தா. "தம்பி, இதைத் திறக்க ஏலுமோ? அவர் பாஸ்வேட்டை ஒருத்தருக்கும் சொல்லேல்லை." அண்ணர் காலமாகி எட்டு மாதம். சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மொந்தே பெல்லெக்ரினோ ஏறின படங்கள், மகளின் முதல் பிறந்தநாள், எல்லாம் அதற்குள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போடவேணும் என்றாராம். நல்லகாலம், அக்கா சம்மதிக்கவில்லை.

இந்தப் பாஸ்வேட் விண்டோஸின் வாசல் பூட்டுத்தான். டிஸ்கில் கிடக்கும் படங்களை அது பூட்டுவதில்லை. உபுண்டுவை ஒரு யூ.எஸ்.பி.யில் ஏற்றி, எஃப்12 அமத்தி, அதிலிருந்தே லப்டொப்பைத் தொடக்கினேன். (அமத்தும் விசை கம்பனிக்குக் கம்பனி மாறும்.) 'நிறுவாமல் பார்' என்பதைத் தெரிந்தால் டிஸ்கில் ஒன்றும் மாறாது. படங்களை வெளி டிஸ்குக்குப் பிரதி எடுத்தேன்.

புதிய லப்டொப் என்றால் கதை வேறு. பெரும்பாலும் பிட்லொக்கர் டிஸ்கையே பூட்டியிருக்கும். 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எந்த யூ.எஸ்.பி.யும் உதவாது. அந்தச் சாவி பலருக்கு மைக்ரோசொஃப்ட் கணக்கில் கிடக்கும். வீட்டில் இன்றைக்கே கேட்டுப் பாருங்கோ.

பாஸ்வேட்டையே வெறுமையாக்க 'சிஎச்என்டிபிடபிள்யூ' என்ற கருவி உண்டு. விண்டோஸ் கணக்குகளை வைத்திருக்கும் 'சாம்' கோப்பை அது திருத்தும். ஆனால் விண்டோஸுக்குள்ளேயே மறைகுறியிட்ட கோப்புகள் இருந்தால் பிறகு திறக்காது. அதனால்தான் பிரதி முதலில்.

"இப்ப பாஸ்வேட்டை எடுத்துவிடட்டோ, அக்கா?"

"வேண்டாம் தம்பி. அது அவர் வைச்சது, இருக்கட்டும்."