ஊசி பிடித்த கையும் உலக மேடையும்

“பாட்டுப் படிச்சுச் சோறு தின்னேலுமோ?”

ஊரில் எங்கள் தாய் தகப்பன் எங்களைக் கேட்ட கேள்வி இது. கடல் கடந்து இந்தப் பனி தேசத்தில் வந்து இறங்கிய பிறகும் அது எங்களை விட்டுப் போகவில்லை. டோர்வலில் விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் தொழிற்சாலைகளில் பெட்டி கட்டியும் மெஷின் ஓட்டியும் களைத்து வீடு திரும்புகிறோம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசையில் தாளம் தட்டும் பிள்ளையைக் கண்டதும் எங்கள் வாயில் வருவதும் அதே கேள்விதான். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களும் இன்னும் சில வருடங்களில் இதைக் கேட்கத்தான் போகின்றன. அதற்கு முன்னர், எங்களைப் போலவே அகதியாக வந்த ஒரு தமிழ்த் தாயினதும் அவர் மகளினதும் கதையை அறிந்து வைத்திருப்பது நல்லது.

மகளின் பெயர் மாதங்கி மாயா அருட்பிரகாசம். உலகம் அவரை ‘எம்.ஐ.ஏ.’ என்ற மூன்று எழுத்துக்களால் அறியும். தானே பாட்டெழுதித் தானே பாடும் கலைஞர். தாயின் பெயர் கலா. தொழில் தையல்.

ஒரே கோடையில் இரண்டு பயணங்கள்

மாயா 1975 யூலை 18 இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தகப்பன் பொறியியலாளர், ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1977 கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலின் பெயரில் ‘லங்கா ராணி’ என்ற நாவலை எழுதிய ‘அருளர்’ அவர்தான். இயக்க வேலைகளால் அவர் வீட்டில் தங்கியது குறைவு. மூன்று பிள்ளைகளையும் வளர்த்தெடுக்கும் பாரம் தாயின் தலையில் விழுந்தது. யாழ்ப்பாணம், சென்னை, மீண்டும் யாழ்ப்பாணம் என்று அலைந்த அந்தக் குடும்பம், 1986 யூலையில், மாயாவின் பதினோராவது பிறந்தநாளுக்கு ஒரு கிழமை இருக்கையில், அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தது.

அதற்கு அடுத்த மாதம், ஓகஸ்ட் 11 இல், கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். எமக்கு முன்னே இங்கு வந்து, எமக்கு வேலைக்கும் வீட்டுக்கும் வழி காட்டிய தலைமுறை அது. ஆகவே மாயாவின் கதையை எங்கோ ஒரு நட்சத்திரத்தின் கதை என்று தள்ளி வைக்க முடியாது. ஒரே கோடையில் ஒரே காரணத்துக்காகப் புறப்பட்டவர்களில் ஒரு குடும்பத்தின் கதை அது.

சுவருக்கு அப்பால் கேட்ட பாட்டு

லண்டனில் அவர்களுக்குக் கிடைத்தது மிற்சம் பகுதியிலுள்ள பிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசாங்கக் குடியிருப்பில் ஒரு வீடு. அங்கே ஆசியக் குடும்பங்கள் மிகக் குறைவு, நிறவெறிக்குக் குறைவில்லை. மாயா பாடசாலையில் ஆங்கிலத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. இங்கே எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதங்களில் ஊமையாய் இருந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

வீட்டில் இருந்த வானொலிப் பெட்டி களவு போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஒலித்த ஹிப்ஹொப் பாட்டுக்களைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்டுத்தான் அந்த இசை தனக்குப் பழக்கமானது என்று மாயா பிற்காலத்தில் செவ்விகளில் சொல்லியிருக்கிறார். சொற்கள் முழுதாக விளங்கவில்லை; தாளம் விளங்கியது.

தாய் கலாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாஷை இல்லாமல் செய்யக்கூடிய கைவேலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. பிரித்தானிய அரசியார் ஆண்டுதோறும் வழங்கிய பதக்கங்களுக்குக் கையால் தைக்கும் வேலை அது. சுமார் முப்பது வருடங்களில் அவர் ஆயிரக்கணக்கான பதக்கங்களுக்குத் தைத்தார். யாருடைய நெஞ்சில் அவை குத்தப்படும் என்பது தைப்பவருக்குத் தெரியாது. டோர்வலில் நாம் கட்டி அனுப்பும் பெட்டி யார் வீட்டில் திறக்கப்படும் என்று எமக்குத் தெரியாதது போலத்தான்.

இரவல் மெஷினில் பிறந்த பாட்டு

மாயா இசைக் கல்லூரிக்குப் போகவில்லை. லண்டன் சென்ட்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்து 2000 ஆம் ஆண்டில் முடித்தார். படம் வரைந்தார், 2001 இல் கண்காட்சி வைத்தார். எலாஸ்டிகா என்ற இசைக்குழுவின் பாடகி ஜஸ்டின் பிரிஷ்மன், தம் இசைத்தட்டின் உறையை வடிவமைக்கவும் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கவும் இவரைக் கூட்டிச் சென்றார். அந்தப் பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகி, ‘ரோலண்ட் எம்.சி.505’ என்ற தாள மெஷினை இவருக்கு அறிமுகம் செய்து, நீயே செய்து பார் என்று தூண்டினார். இரவலாகக் கிடைத்த அந்த மெஷினில் தட்டித் தட்டித்தான் மாயாவின் முதற் பாட்டுக்கள் உருவாகின.

2003 இல் ‘கலாங்’ என்ற பாட்டு வெறும் 500 இசைத்தட்டுக்களாக வெளிவந்தது. இரவு விடுதிகளில் அது பரவ, எக்ஸ்.எல். என்ற நிறுவனம் இவரை ஒப்பந்தம் செய்தது. 2005 இல் முதல் இசைத்தொகுப்பு வந்தது. பெயர் ‘அருளர்’. தகப்பன் கணினியில் தன் பெயரைத் தேடிப் பார்த்தால் மகளின் பாட்டு அகப்படட்டும் என்று வைத்த பெயராம். தகப்பன் பெயரை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியும் மகள் மாற்றவில்லை. அந்தத் தொகுப்பு பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இரண்டாவது தொகுப்புக்கு அமெரிக்காவில் டிம்பலண்ட் என்ற பெரும் இசையமைப்பாளருடன் சேர்ந்து வேலை செய்யத் திட்டம். அங்கேதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கமான முட்டுக்கட்டை வந்தது: விசா. 2006 இல் அமெரிக்கா நீண்டகால விசா கொடுக்கவில்லை. மாயா பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா, ஜமேக்கா, அவுஸ்திரேலியா என்று போகக்கூடிய நாடெல்லாம் போய், அங்கங்கே அகப்பட்ட ஒலிகளைச் சேர்த்தார். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நடந்தது. எங்கள் உறுமி மேளம் அந்தப் பாட்டுக்களில் ஏறியது இப்படித்தான். விசா கிடைத்திருந்தால் அது வேறு தொகுப்பாக இருந்திருக்கும்.

2007 இல் வெளிவந்த அந்தத் தொகுப்புக்கு மகள் வைத்த பெயர் ‘கலா’. அது அம்மாவையும் அவர் பட்ட பாட்டையும் பற்றியது என்று சொன்னார்.

நட்சத்திரங்களின் நடுவே

‘கலா’வில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டு உலகத்தைச் சுற்றி வந்தது. தி கிளாஷ் என்ற ஆங்கிலக் குழுவின் பழைய பாட்டிலிருந்து எடுத்த இசைத்துண்டு, சிறுவர் குரல்கள், துப்பாக்கிச் சத்தம், கடைக் காசுப்பெட்டியின் சத்தம் எல்லாம் கலந்தது அது. குடிவந்தவர் என்றாலே சந்தேகமாய்ப் பார்க்கும் கண்களைக் கேலி செய்த அந்தப் பாட்டு, 2008 இல் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 4 ஆம் இடம்வரை ஏறியது. விசா மறுத்த நாட்டிலேயே அது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2009 இல், ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்தில் ரஹ்மானுடன் சேர்ந்து எழுதிப் பாடிய பாட்டு ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் கிராமி மேடையில், நிறைமாதக் கர்ப்பிணியாக ஜே-சி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், ரி.ஐ. ஆகியோருடன் பாடினார். மூன்று நாளில் குழந்தை பிறந்தது. 2012 இல் அமெரிக்காவின் சூப்பர் போல் மைதானத்தில் மடோனாவுடனும் நிக்கி மினாஜுடனும் மேடை ஏறினார். கமராவுக்கு முன் காட்டிய ஒரு விரல் சைகைக்காகக் காற்பந்து லீக் வழக்குப் போட்டதும், 2014 இல் அது இணக்கத்தில் முடிந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

அவருடைய பேச்சுக்கள் பல தடவை சர்ச்சையாகியுள்ளன. எம்மவரிலேயே அவரை விரும்பாதவர்கள் உண்டு. அவர் பாட்டு எங்கள் காதுக்கு இரைச்சலாகப் படுவதும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் இங்கே கவனிப்பது வேறொன்றை.

2019 இல் அரசியாரின் பிறந்தநாள் பட்டியலில் மாயாவுக்கு எம்.பி.ஈ. பட்டம் அறிவிக்கப்பட்டது. அம்மாவைக் கௌரவிப்பதற்காகவே இதை ஏற்கிறேன் என்று அவர் சொன்னார். 2020 ஜனவரி 14 இல், தைப்பொங்கலுக்கு முதல் நாள், பக்கிங்காம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் அதை வழங்கினார். இளஞ்சிவப்பு நிறமும் சாம்பல் கரையும் உள்ள நாடாவில் தொங்கும் பதக்கம் அது. ஆயிரம் ஆயிரமாய்ப் பிறர் நெஞ்சுக்குத் தைத்த தாயின் வீட்டுக்கே அது வந்து சேர்ந்தது.

இதில் எமக்கு என்ன?

“என் பிள்ளையும் மடோனாவோடு பாடும்” என்று கனவு காண்பதற்காக இதை எழுதவில்லை. அந்த இடத்துக்குப் போவது ஆயிரத்தில் ஒருவர்கூட அல்ல. நாம் கேட்பது ஒன்றுதான்: எங்கள் உழைப்பைப் பிள்ளைகளிடம் என்னவாகக் கொடுக்கிறோம்?

“உனக்காகத்தான் இரவிரவாய் நிற்கிறேன், நீ டொக்டராகத்தான் வரவேண்டும்” என்று சொல்லும்போது, எங்கள் வேலை பிள்ளையின் தலையில் ஒரு கடனாக ஏறுகிறது. அந்தக் கடனைத் தீர்க்க முடியாத பிள்ளை முதலில் வாயை மூடுகிறது; பிறகு அறைக் கதவை மூடுகிறது. எங்கள் அப்பாட்மென்டுகளில் அப்படி மூடிய கதவுகள் பல. இன்னொரு பக்கம், நாம் செய்யும் வேலையைச் சொல்லவே வெட்கப்பட்டு, “அப்பா கொம்பனியில வேலை” என்று மழுப்புகிறோம். கலாவின் தையல் வேலையை அவர் மகள் மறைக்கவில்லை. உலகப் பத்திரிகைகளுக்கு முன்னால் பெருமையாகச் சொன்னார். தாயும் தன் வேலையில் பெருமை கொண்டிருந்தார் என்கிறார் அவர். தாய்க்கு இருந்த பெருமைதான் மகளிடம் வந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டு மேசையில் கியூபெக்காரர் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. செலின் டியோன் இந்த மொன்றியலுக்குக் கிழக்கே சார்லமாங் என்ற சிறு ஊரில் 14 பிள்ளைகளில் கடைசியாய்ப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அவர் பாடிய முதற் பாட்டை அவருடைய தாயும் தமையனும் சேர்ந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாயும் பணக்காரி அல்ல.

காசு இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த ஊரில் காசில்லாமலே தொடங்கலாம். மொன்றியல் நகரின் சில பொது நூலகங்களில் புத்தகம் போலவே கிற்றார், வயலின் முதலிய வாத்தியங்களையும் இலவசமாக இரவல் எடுக்கலாம். நூலக அட்டை போதும். டோர்வலுக்கு அருகே சென் லோறனில் உள்ள சென் லோறன் செஜெப்பிலும் வனியே கல்லூரியிலும் இசை ஒரு முழுப் பாடநெறி. அரசாங்க செஜெப்களில் கியூபெக் வதிவிடம் உள்ள மாணவர் படிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. சிறு பதிவுக் கட்டணங்கள் மட்டுமே. குடிவரவுப் பத்திரங்கள் இன்னும் முடியாத குடும்பங்கள் தங்கள் நிலைமைக்கு என்ன பொருந்தும் என்று கல்லூரி அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. கணக்கும் பிரெஞ்சும் விட்டுவிடத் தேவையில்லை. மாயாவும் கல்லூரிப் படிப்பை முடித்த பிறகுதான் பாட வந்தார்.

பெற்றாருக்கு நாம் சொல்வது சிறிய விடயம். பிள்ளை தாளம் தட்டினால், உடனே தடுக்காமல் ஒரு தடவை பக்கத்தில் இருந்து கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், பிள்ளை விளக்கட்டும். நீங்கள் தொழிற்சாலையில் என்ன செய்கிறீர்கள், எத்தனை பெட்டி கட்டுகிறீர்கள், கை எங்கே நோகிறது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதைக் கேட்டு வளரும் பிள்ளை பாடகராக வந்தாலும் சரி, கணக்காளராக வந்தாலும் சரி, எங்கள் கைகளை மறக்காது.