தலைக்கவசம் எதைக் காக்கிறது?

பத்தாம் வகுப்பில் இயக்க விதிகள் பாடம். நிலைமத்துக்கு எடுத்துக்காட்டாகப் பேருந்து திடீரென நிற்பதையே ஆண்டுதோறும் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. அதனால் இம்முறை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அமெரிக்கக் கால்பந்துக் காட்சி ஒன்றைத் திரையிட்டேன். பெயர்தான் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எதிரணியினர் மோதி வீழ்த்துவார்கள். இரு வீரர்கள் மோதினர். ஒருவர் எழுந்து, தள்ளாடி, மீண்டும் விழுந்தார்.

“சார், அவ்வளவு பெரிய ஹெல்மெட் போட்டிருக்காரே, அப்புறம் ஏன் தள்ளாடுறாரு?” என்றாள் ஒரு மாணவி.

“ஹெல்மெட் இல்லைன்னா இன்னும் மோசமா ஆகியிருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். நான் சொன்னது தவறில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. அதன்பின் தேடிப் படித்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மண்டை ஓடும் மூளையும்

தலைக்கவசம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அதன் கடினமான மேலோடு, ஓரிடத்தில் விழும் அடியைப் பரவலாக்குகிறது. உள்ளே இருக்கும் மெத்தை அமுங்கி, தலை நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. நேரம் கூடினால் விசை குறையும். கிரிக்கெட் வீரர் கையைப் பின்னிழுத்துப் பந்தைப் பிடிப்பதாக நாம் நடத்தும் அதே கருத்துதான். இதனால் மண்டை ஓடு உடைவது பெருமளவு தடுக்கப்படுகிறது.

ஆனால் மூளை மண்டை ஓட்டோடு ஒட்டியிருக்கவில்லை. மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென நின்றாலும் மூளை தொடர்ந்து நகர முயல்கிறது. பேருந்துப் பயணியின் கதைதான் இங்கும். தலை வெடுக்கெனத் திரும்பினால் மென்மையான நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கப்படுகின்றன. தலையோடு சேர்ந்து கவசமும் திரும்புவதால் இதை அது முழுமையாகத் தடுக்க முடியாது. இவ்வாறு மூளை குலுங்கி, அதன் செயல்பாடு பாதிக்கப்படுவதையே மூளை அதிர்வு என்கிறோம். திரையில் அந்த வீரர் தள்ளாடியது இதனால்தான் இருக்க வேண்டும்.

கவசம் ஆயுதமான கதை

இந்த விளையாட்டின் வரலாறு நமக்கு இன்னொரு பாடமும் சொல்கிறது. தொடக்க காலத்தில் பலர் தலைக்கவசமே அணியவில்லை. உயிரிழப்புகள் பெருகவே, 1905-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே விதிகள் மாறின. பின்னர் தோல் தொப்பிகள் பரவலாயின. 1939-இல் பிளாஸ்டிக் கவசம் வந்தது. 1943-இல் தேசியக் கால்பந்து லீக் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது.

கடினமான கவசமும் முகக்கம்பியும் வந்தபின் தலையால் முட்டினாலும் வலி குறைவு. எனவே வீரர்கள் தலையை முன்னே நீட்டி, ஈட்டிபோலப் பாயத் தொடங்கினர். ஆனால் தலையைச் சற்றுக் குனிந்தால் கழுத்தெலும்பின் இயல்பான வளைவு நேராகிவிடும். அந்த நிலையில் உச்சந்தலையில் விழும் அடி முழுவதும் கழுத்தெலும்பின் வழியே இறங்கும். அதைத் தாங்கத் தலைக்கவசத்தால் இயலாது. 1968-இல் மட்டும் களத்தில் பட்ட அடியால் நேரடியாக இறந்தவர்கள் 36 பேர்.

அதன்பின் இரு மாற்றங்கள் நடந்தன. 1973-இல் தலைக்கவசங்களுக்குத் தர அளவுகோல் வகுக்கப்பட்டது. 1976-இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையை முன்னே நீட்டி மோதுவது தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டில் பள்ளி, கல்லூரி வீரர்களில் 34 பேர் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்திருந்தனர். 1984-இல் அந்த எண்ணிக்கை 5. கழுத்தைக் காத்தது கவசமன்று, விதி. 1990-இல் நேரடி உயிரிழப்பு ஒன்றுகூட இல்லை.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வீரர்கள் 50 பேரில் பாதிப் பேருக்குத் தலைக்கவசம் இன்றி, தலையை விலக்கித் தடுக்கும் பயிற்சி சில நிமிடங்கள் அளிக்கப்பட்டது. பருவ முடிவில் அவர்களது தலையில் விழுந்த அடிகள் 28 விழுக்காடு குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பழக்கத்தை மாற்ற முடியும் என்பதைக் காட்டுகிறது.

ஒரு கணக்கு

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேசிய லீக்கில் ஆடி மறைந்த 111 பேரின் மூளைகளை ஆராய்ந்து, 110-இல் நாள்பட்ட மூளைச் சிதைவு நோயைக் கண்டனர். திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய நோய் இது. “அப்படியானால் 99 விழுக்காடு வீரர்களுக்கும் இந்நோய் வருமா?” என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். வராது. அவை குடும்பத்தினர் தானமாக அளித்த மூளைகள். வீரரிடம் அறிகுறிகளைக் கண்ட குடும்பங்களே தானம் தர அதிகம் முன்வந்திருக்கும். கூறு எடுப்பதில் உள்ள சாய்வைப் புரியவைக்கக் கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மீண்டும் வகுப்பில்

மறுவாரம், “அன்னைக்கு நான் சொன்னது பாதி பதில்தான்” என்று தொடங்கி இதையெல்லாம் விளக்கினேன். உடனே கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், “அப்ப பைக்ல ஹெல்மெட் தேவையில்லையா சார்?” என்றான். நான் அஞ்சிய கேள்வி அதுதான். சாலையில் யாரும் வேண்டுமென்றே தலையால் முட்டுவதில்லை. அங்கே மண்டை ஓடு தரையில் மோதும் ஆபத்துதான் பெரிது. கவசம் செய்யக்கூடிய வேலையும் அதுவே. எனவே கட்டாயம் அணிய வேண்டும்; அணிந்திருக்கிறோம் என்பதற்காக வேகமாகப் போகக் கூடாது. இதைச் சொல்லாமல் பாடத்தை முடித்திருந்தால் பெரும் தவறாகியிருக்கும்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. மாணவ வீரருக்கு மூளை அதிர்வு என்ற ஐயம் எழுந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும், மருத்துவத் துறையினரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி மீண்டும் சேர்க்கக் கூடாது என்று 2009-இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்பற்றின. நம் கபடிக் களத்திலும் தலைகள் மோதுகின்றன, கவசமே இல்லாமல். அடிபட்ட குழந்தைக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், குழப்பம், நடந்தது நினைவில்லாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்று மீண்டும் ஆடவிடாதீர்கள். பெற்றோரிடம் தெரிவித்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மயக்கமோ தொடர் வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

“ஒண்ணும் இல்ல சார், ஆடுறேன்” என்று அந்தக் குழந்தை சொல்லும். வேண்டாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.