'ஷட் டவுன்' செய்தால் கணினி முழுசா அணைகிறதா?

லேப்டாப் ரொம்ப மெதுவா ஓடுது, பிரிண்டர் வேலை செய்யல. ஷட் டவுன் பண்ணி மறுபடி ஆன் பண்ணினாலும் அதே கதைதான். போர்டிக்சன் தோட்டப்புறத்திலிருந்து சிரம்பான் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், இதைக் கொஞ்சம் படியுங்கள். உங்கள் கணினி முழுசா அணையாமலே இருந்திருக்கலாம்.

ஏன் அப்படி?

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. இந்த வசதி உள்ள கணினியில் ஷட் டவுன் செய்தால், நீங்கள் திறந்து வைத்த செயலிகள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்படும். அடுத்த முறை அதே நிலை திரும்ப வரும். கணினி சீக்கிரம் திறக்கும். பழைய கோளாறும் கூடவே வரலாம். சில அப்டேட்டுகளும் முடியாமல் நிற்கலாம்.

சந்தேகமா? டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில், சிபியுவுக்குக் கீழே 'அப் டைம்' பாருங்கள். நேற்றிரவு அணைத்த கணினி மூன்று நாளாக ஓடுவதாகக் காட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் வேலையைச் சேமித்து வையுங்கள். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் விண்டோஸ் புதிதாகவே தொடங்கும். பெரும்பாலும் இதுவே போதும். மின்சாரத்தையும் நிறுத்தி 'கோல்ட் ஸ்டார்ட்' செய்ய வேண்டுமா? கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஷட்டவுன்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி விட்டு, '/' குறியையும் 'எஸ்' எழுத்தையும் சேர்த்து என்டர் தட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கணினி முழுசா அணையும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் அதே பலன்தான். கொஞ்ச நேரம் விட்டு ஆன் செய்யுங்கள்.

கட்டளை எப்போதும் கைகொடுக்குமா?

இல்லை. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான அப்டேட்டால் உலகம் முழுவதும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. மலேசியாவில் கேடிஎம்பி டிக்கெட் சேவையும் ஏர்ஆசியாவும் பாதிக்கப்பட்டன. விண்டோஸ் எழுந்தால்தானே கட்டளையைக் கேட்கும்? அதனால் பல இடங்களில் பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், 'சேஃப் மோட்'டில் திறந்து, பழுதான கோப்பை நீக்க வேண்டியதாயிற்று.

உங்கள் லேப்டாப்பும் அப்படி அசையாமல் நின்றுவிட்டால், பவர் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடிப்பதே கடைசி வழி. சேமிக்காத அசைன்மென்ட் அதோடு போய்விடும், ஞாபகம் இருக்கட்டும்.